மோடமும் தனி ரூட்டரும் உள்ள வீட்டிலிருந்து வலைத்தளத்தை வெளியே திறப்பது எப்படி?

கல்வெட்டு ஆர்வலர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். புதுக்கோட்டை மாவட்டத்துக் கோயில்களில் உள்ள கல்வெட்டுகளைப் படமெடுத்து, ஒவ்வொரு படத்துடனும் ஊர், கோயில், சுவரின் திசை, படித்தறிந்த பாடம் ஆகியவற்றைச் சேர்த்து நெடுங்காலமாக ஒரு தொகுப்பை உருவாக்கி வருகிறேன். அது இப்போது வீட்டில் ஒரு ராஸ்பெர்ரி பை கணினியில் இருக்கிறது. என்ஜின்எக்ஸ் வலைச் சேவையகம் மூலம் பக்கங்களாகத் தெரிகிறது. வீட்டிலுள்ள எந்தக் கணினியிலும் 192.168.0.50 என்று தட்டினால் தளம் உடனே திறக்கிறது. தஞ்சாவூரிலும் கோயம்புத்தூரிலும் உள்ள நண்பர்கள் சிலர் இதைத் தங்கள் வீட்டிலிருந்தே பார்த்து, என் வாசிப்பில் ஐயம் உள்ள இடங்களைத் திருத்தித் தர முன்வந்துள்ளனர். அவர்களுக்காக இத்தளத்தை வெளியிலிருந்து எட்டும்படி செய்ய வேண்டும்.

வீட்டு அமைப்பு இதுதான். இணைய நிறுவனம் தந்த ஃபைபர் மோடம் ஒன்று இருக்கிறது. அதன் நிர்வாகப் பக்கம் 192.168.1.1 என்ற முகவரியில் திறக்கிறது. அதிலிருந்து ஒரு கேபிள் நான் தனியாக வாங்கிய வைஃபை ரூட்டரின் வேன் (வெளி இணைய இணைப்புக்கான) துளைக்குச் செல்கிறது. அந்த ரூட்டரின் முகவரி 192.168.0.1. ரூட்டரில் விர்ச்சுவல் சர்வர் என்ற பக்கத்தில், 80-ஆம் போர்ட்டுக்கு (வலைப்பக்கங்களுக்கான வழக்கமான இணைப்பு வாயில் எண்) வருவதை 192.168.0.50-இன் 80-ஆம் போர்ட்டுக்கு அனுப்பும்படி விதி எழுதினேன். பிறகு ‘என் ஐபி என்ன’ என்று காட்டும் தளம் ஒன்றில் தெரிந்த எண்ணைக் கைப்பேசியில், வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில், தட்டிப் பார்த்தேன். நெடுநேரம் சுழன்றபின் ‘நேரம் கடந்துவிட்டது’ என்றே வருகிறது.

ரூட்டரில் டிஎம்இசட் என்ற வசதியை இயக்கி பை கணினியின் முகவரியைக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒருவர் சொன்னார். அப்படிச் செய்யலாமா? எந்த இடத்தில் தடை இருக்கிறது என்று கண்டறியும் வழியையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

காவிரிக்கரை எழுதியது:

ஐயா, வணக்கம். டிஎம்இசட்டை இப்போதைக்குத் தொடாதீர்கள். அது அந்த ஒரு கணினியின் எல்லாப் போர்ட்டுகளையும் மொத்தமாக வெளியே காட்டிவிடும். உங்களுக்கு வேண்டியது ஒன்றோ இரண்டோ போர்ட்டுகள்தான்.

நீங்கள் எழுதிய விதி சரியாகவே இருக்கிறது. ஆனால் அந்த விதி காத்திருக்கும் இடம் வரை வெளியிலிருந்து எதுவும் வந்து சேரவில்லை என்பது என் கணிப்பு. வீட்டுக்குள்ளிருந்து ஒரு கணினி வெளியே தொடர்புகொள்ளும்போது, ரூட்டர் அந்தக் கணினியின் தனிப்பட்ட முகவரியைத் தன் முகவரியாக மாற்றி அனுப்பிவிட்டு, யாருக்காக எந்தப் போர்ட்டில் அனுப்பினோம் என்று ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. பதில் வரும்போது அந்தக் குறிப்பைப் பார்த்து உரிய கணினிக்குக் கொடுக்கிறது. இதைத்தான் நாட் என்கிறோம். வெளியிலிருந்து ஒருவர் தாமாகத் தொடங்கும் இணைப்புக்கு அத்தகைய குறிப்பு எதுவும் இல்லாததால் ரூட்டர் அதைக் கைவிட்டுவிடுகிறது. போர்ட் ஃபார்வார்டிங் விதி என்பது அந்த அட்டவணையில் நாமே எழுதிவைக்கும் நிலையான குறிப்பு. உங்கள் வீட்டில் மோடமும் ரூட்டரும் தனித்தனியே நாட் செய்கின்றன; நீங்கள் குறிப்பு எழுதியிருப்பதோ உட்புறம் உள்ள ரூட்டரில் மட்டும். மோடத்தின் அட்டவணையில் எதுவும் இல்லாததால் இணைப்பு அங்கேயே நின்றுவிடும்.

இதை ஊகத்தில் விடாமல் மூன்று எண்களைப் பார்த்து உறுதிசெய்யலாம். ரூட்டரின் நிலைப் பக்கத்தில் வேன் ஐபி என்று என்ன இருக்கிறது? மோடத்தின் நிலைப் பக்கத்தில் வேன் ஐபி என்ன? வெளித்தளம் காட்டும் எண் என்ன? ரூட்டரின் வேன் முகவரி 192.168 என்றோ, 10 என்றோ, 172.16 முதல் 172.31 வரையிலோ தொடங்கினால் அது தனிப்பட்ட முகவரி. அதாவது ரூட்டருக்கு மேல் இன்னொரு நாட் இருக்கிறது. மோடத்தின் வேன் முகவரியும் வெளித்தளம் காட்டுவதும் ஒன்றாக இருந்தால் நல்லது. மோடத்திலும் ஒரு விதி எழுதினால் வேலை முடிந்தது. இரண்டும் வேறுபட்டு, மோடத்தின் முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், நிறுவனத்தின் பக்கத்திலேயே மூன்றாவது நாட் ஒன்று இருக்கிறது என்று பொருள். இந்த முகவரித் தொகுதி 2012-இல் இந்தப் பயனுக்காகவே ஒதுக்கப்பட்டது.

‘நேரம் கடந்துவிட்டது’ என்ற செய்தியும் ஒரு தடயம்தான். ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்று வந்திருந்தால், கோரிக்கை ஏதோ ஒரு கருவியை அடைந்து, அது வெளிப்படையாக மறுத்திருக்கிறது என்று கொள்ளலாம். நேரம் கடந்தால், பெரும்பாலும் வழியில் எங்கோ ஓசையின்றிக் கைவிடப்பட்டிருக்கிறது. பை கணினியில், வந்துபோகும் தரவைத் திரையில் காட்டும் டிசிபிடம்ப் நிரலை 80-ஆம் போர்ட்டைக் கவனிக்கும்படி ஓடவிட்டு, அதே நேரத்தில் கைப்பேசியிலிருந்து முயன்று பாருங்கள். திரையில் ஒரு வரியும் வராவிட்டால் கோளாறு பை கணினிக்கு வெளியே. வரிகள் வந்து பதில் மட்டும் போகாவிட்டால், கணினியின் ஃபயர்வாலையோ (இணைப்புகளை வடிகட்டும் தடுப்பு) கேட்வே முகவரியையோ (வெளியே செல்லும் வழியான ரூட்டரின் முகவரி) பார்க்க வேண்டும்.

இன்னொன்று: 192.168.0.50 என்ற முகவரியை ரூட்டரின் டிஎச்சிபி (கருவிகளுக்குத் தானாக முகவரி வழங்கும்) பக்கத்தில் பை கணினியின் மேக் முகவரிக்கு (கருவியின் அடையாள எண்) நிலையாக ஒதுக்கியிருக்கிறீர்களா? ஒதுக்காவிட்டால் ஒருநாள் மின்சாரம் போய் வந்தபின் வேறு எண் கிடைத்து, விதி வேறொரு கருவியைச் சுட்டிக்கொண்டிருக்கும்.

கல்வெட்டு ஆர்வலர் எழுதியது:

மிக்க நன்றி. முகவரியை நிலையாக ஒதுக்கிவிட்டேன். நீங்கள் கேட்ட எண்கள்: ரூட்டரின் வேன் முகவரி 192.168.1.4. மோடத்தின் வேன் முகவரி 100.84 என்று தொடங்குகிறது. வெளித்தளம் காட்டுவது 103 என்று தொடங்கும் வேறோர் எண். டிசிபிடம்ப் நிரலில், வீட்டுக் கணினியிலிருந்து திறந்தால் வரிகள் ஓடுகின்றன. மொபைல் டேட்டாவில் முயன்றால் ஒன்றும் வருவதில்லை. அப்படியானால் நீங்கள் சொன்ன மூன்றாவது நாட் எங்களுக்கும் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். எல்லாருக்கும் பொதுவான முகவரி என்றால், அதற்குள் என் வீட்டை மட்டும் குறிக்க வழியே இல்லையா?

காவிரிக்கரை எழுதியது:

ஆம் ஐயா, இது கேரியர் கிரேடு நாட், சுருக்கமாக சிஜிநாட். 103-இல் தொடங்கும் அந்தப் பொது முகவரியை ஒரே நேரத்தில் பல வீடுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஊர்ப்பெயரும் தெருப்பெயரும் எழுதிக் கதவிலக்கம் எழுதாத கடிதம் போல, வெளியிலிருந்து வரும் கோரிக்கை அந்த முகவரி வரை வந்துவிடும். எந்த வீட்டுக்கு என்று தெரியாமல் நின்றுவிடும். கதவிலக்கத்தை எழுத வேண்டிய அட்டவணை நிறுவனத்தின் கருவியில் இருப்பதால், நீங்கள் மோடத்திலும் ரூட்டரிலும் என்ன விதி எழுதினாலும் பயன் இராது.

நிறுவனங்கள் ஏன் இப்படிச் செய்கின்றன என்பதற்கு உங்கள் 103 என்ற எண்ணிலேயே விடை இருக்கிறது. உலக அளவில் ஐபிவி4 (நாம் இங்கே பேசும் நான்கு எண் கொண்ட) முகவரிகளின் பொது இருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. அப்போது மீதமிருந்த 5 பெருந்தொகுதிகளை உலகின் 5 வட்டாரப் பதிவகங்களுக்கு ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்தார்கள். ஆசியா, பசிபிக் வட்டாரத்தைக் கவனிக்கும் ஏபிநிக் அமைப்புக்குக் கிடைத்தது 103-இல் தொடங்கும் தொகுதி. அதே ஆண்டு ஏப்ரலிலிருந்து ஏபிநிக் அந்தத் தொகுதியிலிருந்து ஓர் உறுப்பினருக்கு அதிகபட்சம் 1,024 முகவரிகள் என்று அளவிட்டுக் கொடுக்கத் தொடங்கியது. பின்னாளில் அதையும் 512 ஆகக் குறைத்தது. அதற்குப் பின் தொழிலுக்கு வந்த ஒரு நிறுவனம் பல்லாயிரம் வீடுகளுக்கு இணைப்புக் கொடுக்கும்போது வீட்டுக்கொரு பொது முகவரி கொடுக்க எண்களே போதா. ஆகவே சிஜிநாட் இருப்பதற்காக அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். கேட்பவர்களுக்குத் தனி முகவரி தருகிறார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

உங்களுக்கு முதலில் பரிந்துரைப்பது அதைத்தான். நிறுவனத்தின் உள்ளூர் அலுவலகத்தில் ‘ஸ்டேட்டிக் ஐபி (மாறாத தனிப் பொது முகவரி) வேண்டும்’ என்று கேளுங்கள். பல நிறுவனங்கள் கூடுதல் கட்டணத்துக்குத் தருகின்றன. ‘80, 443 ஆகிய போர்ட்டுகளுக்கு உள்வரும் இணைப்பைத் தடுக்கிறீர்களா’ என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். 443 என்பது மறையாக்கப்பட்ட வலைப்பக்கங்களுக்கான போர்ட். முகவரியைக் கொடுத்துவிட்டு அந்தப் போர்ட்டுகளை மட்டும் அடைத்து வைக்கும் வழக்கமும் உண்டு.

வடக்குவீதி எழுதியது:

கட்டணம் கட்டுவதற்கு முன் ஐபிவி6 (புதிய, நீண்ட முகவரி முறை) இருக்கிறதா என்று பார்த்துவிடலாமே. மோடத்தின் நிலைப் பக்கத்தில் 2 என்ற எண்ணில் தொடங்கும் நீண்ட முகவரி தெரிந்தால், உங்கள் இணைப்பில் ஐபிவி6 வேலைசெய்கிறது. அதில் முகவரிப் பஞ்சம் இல்லாததால் நாட் தேவையில்லை. பை கணினிக்கே உலகம் முழுவதும் எட்டக்கூடிய முகவரி கிடைக்கும். மோடத்திலும் ரூட்டரிலும் உள்ள ஐபிவி6 ஃபயர்வாலில் அந்தக் கணினியின் 443-ஆம் போர்ட்டுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும். இதில் குறை என்னவென்றால், பார்க்க வருபவரிடமும் ஐபிவி6 இருக்க வேண்டும். நம் நாட்டு மொபைல் டேட்டாவில் பெரும்பாலும் இருக்கிறது. கல்லூரி, அலுவலக இணைப்புகளில் பல இடங்களில் இன்னும் வரவில்லை. நண்பர்கள் எங்கிருந்து திறப்பார்கள் என்பதைப் பொறுத்து முடிவெடுங்கள்.

தனி முகவரி கிடைக்காவிட்டாலும் வழி இருக்கிறது. வெளியிலிருந்து உள்ளே வருவதுதானே தடைபடுகிறது? உள்ளேயிருந்து வெளியே செல்வதற்குத் தடையில்லை. பொது முகவரி உள்ள சிறிய விபிஎஸ் (தரவு மையத்தில் இயங்கும் மெய்நிகர் கணினி) ஒன்றை வாடகைக்கு எடுத்து, பை கணினியிலிருந்து அதற்கு ஒரு வயர்கார்டு சுரங்கம் (மறையாக்கப்பட்ட தனி இணைப்பு) அமைத்து, நண்பர்களின் கோரிக்கைகளை அந்தச் சுரங்கம் வழியாக வீட்டுக்கு வரவழைக்கலாம். வயர்கார்டு 2020 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 5.6 கெர்னலிலேயே சேர்க்கப்பட்டுவிட்டதால் நிறுவுவது எளிது. பை கணினியின் அமைப்பில் கீப்-அலைவ் (இணைப்பு உயிர்ப்புடன் இருக்கச் சிறு செய்தி அனுப்பும் இடைவெளி) மதிப்பை 25 நொடி என்று கொடுக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் சற்று நேரம் யாரும் தளத்தைப் பார்க்காதபோது சிஜிநாட் தன் அட்டவணையிலிருந்து உங்கள் குறிப்பை அழித்துவிடும். சுரங்கம் இருப்பதுபோல் தோன்றும், தளம் திறக்காது.

கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் டன்னல் சேவை இதே வேலையை விபிஎஸ் இல்லாமலே செய்கிறது; சொந்த டொமைன் பெயர் ஒன்று இருந்தால் போதும். ஆனால் மறையாக்கம் அவர்களுடைய சேவையகத்தில் அவிழ்க்கப்பட்டு மறுபடியும் உங்களுக்கு அனுப்பப்படுகிறது என்பதை அறிந்தே பயன்படுத்த வேண்டும். கல்வெட்டுப் படங்களுக்கு அது பெரிய தடையில்லை என்பது என் கருத்து. குடும்பக் கணக்கு வழக்குகளுக்கு நான் பயன்படுத்த மாட்டேன்.

பூட்டும் சாவியும் எழுதியது:

எந்த வழியைத் தேர்ந்தாலும், தளம் வெளியே தெரியத் தொடங்கும் நாளுக்கு முன்பே செய்ய வேண்டியவை சில உண்டு. முகவரியை நண்பர்களிடம் மட்டும் சொன்னால் அவர்கள் மட்டும்தான் வருவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வெளியிட்ட இசட்மேப் என்ற கருவி, ஒரே கணினியிலிருந்து அத்தனை முகவரிகளிலும் ஒரு குறிப்பிட்ட போர்ட் திறந்திருக்கிறதா என்று 45 நிமிடங்களுக்குள் பார்த்துவிட முடியும் என்று காட்டியது. ஆகவே நீங்கள் 80-ஐத் திறந்த சிறிது நேரத்திலேயே பதிவேட்டில் முன்பின் அறியாத முகவரிகள் வரத் தொடங்கும். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம்; ஆனால் அவர்கள் தட்டிப் பார்ப்பார்கள் என்ற எண்ணத்துடனேயே கட்ட வேண்டும்.

2016-இல் பரவிய மிராய் என்ற தீநிரல் அரிய உத்தி எதையும் பயன்படுத்தவில்லை. ஆலையிலிருந்து வரும்போதே இருக்கும் 60-க்கும் மேற்பட்ட பயனர்பெயர், கடவுச்சொல் இணைகளைக் கையில் வைத்துக்கொண்டு, இணையத்தில் திறந்து கிடந்த கேமராக்களையும் ரூட்டர்களையும் ஒவ்வொன்றாக முயன்று பார்த்தது. அப்படிச் சிக்கிய கருவிகளைத் திரட்டி அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று டின் என்ற டிஎன்எஸ் (தளப் பெயர்களை ஐபி முகவரிகளாக மாற்றித் தரும் சேவை) நிறுவனத்தின் மீது நடத்திய தாக்குதலில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்களே பலருக்கும் எட்டாமல் போயின. உங்கள் மோடத்திலும் ரூட்டரிலும் பை கணினியிலும் கடவுச்சொற்களை மாற்றிவிட்டீர்களா என்பதே என் முதல் கேள்வி. மோடத்தின் அடிப்புறத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள கடவுச்சொல்லே இன்னும் செல்லுபடியானால், இன்றே மாற்றுங்கள்.

அடுத்து, ரூட்டரில் ‘ரிமோட் மேனேஜ்மென்ட்’ என்ற அமைப்பு அணைந்திருக்க வேண்டும். நீங்கள் வெளியே காட்ட விரும்புவது வலைத்தளத்தை; ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தை அன்று. எஸ்எஸ்எச்சுக்கான (தொலைவிலிருந்து கணினியை இயக்கும் வழி) 22-ஆம் போர்ட்டையும் திறக்காதீர்கள். ஊரில் இல்லாதபோது பை கணினியைப் பராமரிக்க வேண்டுமானால் அதற்கு மட்டும் வயர்கார்டு வைத்துக்கொள்ளலாம். யுபிஎன்பி வசதி உங்களைக் கேட்காமலே கருவிகளைப் போர்ட் திறக்க விடுகிறது. அதையும் அணைத்துவிடுவதே நல்லது. ரூட்டரில் விருந்தினர் வலைப்பின்னல் போன்ற தனிப்பிரிவுக்கு வசதி இருந்து, அதற்குள் உள்ள கருவிக்குப் போர்ட் அனுப்பவும் முடிந்தால், பை கணினியை அங்கே வையுங்கள். யாரேனும் அதைக் கைப்பற்றினாலும் வீட்டின் மற்ற கணினிகளை எட்ட முடியாது.

நண்பர்கள் திருத்தம் எழுதப்போகிறார்கள் என்றால் கடவுச்சொல் இருந்தாக வேண்டும். கடவுச்சொல் இருந்தால் எச்டிடிபிஎஸ் (மறையாக்கப்பட்ட வலை இணைப்பு) இருந்தாக வேண்டும். வெறும் எச்டிடிபியில் அது வழியெங்கும் படிக்கத்தக்க எழுத்தாகவே செல்லும். லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு அதற்கான சான்றிதழை இலவசமாகத் தருகிறது. வழக்கமாக அது 90 நாள் செல்லும் என்பதால், செர்ட்பாட் நிரல் தானாகப் புதுப்பிக்கும்படி அமைத்துவிடுங்கள். எளிய சரிபார்ப்பு முறைக்கு 80-ஆம் போர்ட் வெளியிலிருந்து திறந்திருக்க வேண்டும். நிறுவனம் அதை அடைத்திருந்தால், டொமைனின் டிஎன்எஸ்ஸில் ஒரு பதிவைச் சேர்த்துச் சரிபார்க்கும் முறையைப் பயன்படுத்துங்கள். அதற்கு எந்தப் போர்ட்டும் திறக்க வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மூலப் படங்களின் நகல் ஒன்று இந்தக் கணினியுடன் இணைக்கப்படாத வட்டில் இருக்கட்டும். மழையிலும் சுண்ணாம்புப் பூச்சிலும் அழிந்துகொண்டிருக்கும் எழுத்துகளை மறுபடியும் போய்ப் படமெடுக்க முடியும் என்பதற்கு உறுதியில்லை.

கல்வெட்டு ஆர்வலர் எழுதியது:

மூவருக்கும் என் உளமார்ந்த நன்றி. நண்பர்களில் இருவர் கல்லூரி இணைப்பிலிருந்து பார்ப்பவர்கள் என்பதால் ஐபிவி6-ஐ மட்டும் நம்ப முடியவில்லை. நிறுவனத்தில் கேட்டு நிலையான முகவரி பெற்றுவிட்டேன். 80-ம் 443-ம் தடுக்கப்படவில்லை என்பதையும் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். அவர்களுடைய பணியாளரே வந்து மோடத்தை பிரிட்ஜ் முறைக்கு (நாட் செய்யாமல் தரவை ரூட்டருக்கே கடத்தும் முறை) மாற்றிக் கொடுத்தார். நிறுவனத்துடன் இணைவதற்கான பிபிபிஓஇ பயனர்பெயரும் கடவுச்சொல்லும் விலேன் எண்ணும் இப்போது என் ரூட்டரில் இருக்கின்றன. ரூட்டரின் வேன் முகவரியும் வெளித்தளம் காட்டுவதும் ஒன்றாகவே தெரிகின்றன. இதைச் செய்ய விரும்பும் மற்றவர்களுக்கு ஒரு குறிப்பு: பிரிட்ஜ் முறைக்கு மாற்றியதும் மோடத்தின் சொந்த வைஃபை நின்றுவிட்டது. அதில் இணைந்திருந்த தொலைக்காட்சியை ரூட்டருக்கு மாற்ற வேண்டியிருந்தது.

கடவுச்சொற்கள் மாற்றப்பட்டன. யுபிஎன்பி, ரிமோட் மேனேஜ்மென்ட் இரண்டும் அணைக்கப்பட்டன. டொமைன் பெயரும் சான்றிதழும் பெற்றாயிற்று. தஞ்சாவூர் நண்பர் நேற்று திறந்து, ஒரு மெய்க்கீர்த்தியில் நான் தவறவிட்டிருந்த சொல்லையும் எடுத்துக்காட்டிவிட்டார்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. மொபைல் டேட்டாவில் தளத்தின் பெயரைத் தட்டினால் திறக்கிறது. வீட்டு வைஃபையில் அதே பெயரைத் தட்டினால் திறக்கவில்லை. 192.168.0.50 என்று கொடுத்தால் திறக்கிறது, ஆனால் சான்றிதழ் பொருந்தவில்லை என்று எச்சரிக்கிறது.

காவிரிக்கரை எழுதியது:

தளத்தில் எந்தக் கோளாறும் இல்லை ஐயா. உங்கள் கணினி 192.168.0.20 என்று வைத்துக்கொள்வோம். அது தளத்தின் பெயருக்குரிய பொது முகவரியை நோக்கிக் கோரிக்கை அனுப்புகிறது. ரூட்டர் விதியைப் பார்த்து, சேருமிடத்தை 192.168.0.50 என்று மாற்றி பை கணினியிடம் கொடுக்கிறது. பை கணினி அனுப்பியவரைப் பார்க்கிறது, 192.168.0.20 என்பது தன் வலைப்பின்னலிலேயே இருப்பதால், ரூட்டரைத் தொடாமல் நேராகப் பதில் அனுப்பிவிடுகிறது. உங்கள் கணினியோ பொது முகவரியிடமிருந்து பதிலை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. கேட்காத இடத்திலிருந்து வந்த பதில் என்று அதைத் தள்ளிவிடுகிறது. வெளியிலிருந்து வருபவர்களுக்குப் பதில் எப்படியும் ரூட்டர் வழியாகவே திரும்பிச் செல்வதால் இந்தச் சிக்கல் எழுவதில்லை.

ரூட்டரில் நாட் லூப்பேக் அல்லது ஹேர்பின் நாட் என்ற பெயரில் ஓர் அமைப்பு இருந்தால் அதை இயக்குங்கள். அப்போது ரூட்டர் அனுப்பியவரின் முகவரியையும் தன்னுடையதாக மாற்றும். பதிலும் அதன் வழியாகவே திரும்பும். அந்த வசதி இல்லாவிட்டால், பை கணினியில், வீட்டுக்கான சிறு டிஎன்எஸ் சேவையகமான டிஎன்எஸ்மாஸ்க் நிரலை நிறுவி, உங்கள் டொமைன் பெயருக்கு 192.168.0.50 என்று பதில் சொல்லும்படி அமைத்து, ரூட்டரின் டிஎச்சிபி பக்கத்தில் டிஎன்எஸ் முகவரியாக அதையே கொடுங்கள். பெயர் மாறாததால் சான்றிதழும் பொருந்தும். கைப்பேசிகளில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ என்ற அமைப்பில் வேறு சேவையகத்தின் பெயர் கொடுக்கப்பட்டிருந்தால், அவை உங்கள் டிஎன்எஸ்ஸைக் கேட்காமல் வெளியே சென்றுவிடும். அத்தகைய கைப்பேசியில் மட்டும் அந்த அமைப்பைத் தானியங்கி நிலைக்கு மாற்றிவிட்டுச் சோதியுங்கள்.

கல்வெட்டு ஆர்வலர் எழுதியது:

ரூட்டரில் லூப்பேக் அமைப்பு இல்லை. டிஎன்எஸ்மாஸ்க் நிறுவி, ரூட்டரை ஒருமுறை அணைத்து இயக்கியபின் வீட்டுக் கணினிகளிலும் கைப்பேசிகளிலும் தளம் அதன் பெயரிலேயே திறக்கிறது. எச்சரிக்கையும் வருவதில்லை. தீர்ந்தது என்று குறித்துவிடுகிறேன்.